வைஃபை இல்லாமல் வைஃபை டிரைவரை எப்படி இறக்குவது?

கேள்வி:
பழைய லேப்டாப்பில் நேற்று ராத்திரி விண்டோஸ் 10-ஐப் புதிதாக ஏற்றினேன். வைஃபை குறியையே காணோம். பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் நாலு மஞ்சள் முக்கோணம், அதாவது நாலு பாகத்துக்கு டிரைவர் (பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இல்லை. நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவருக்கு நெட் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை! கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் வழி உண்டா?

பதில் 1:
உண்டு. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி, போன் செட்டிங்ஸின் ஹாட்ஸ்பாட் பகுதியில் யூஎஸ்பி டெதரிங்கை (போனின் நெட்டைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குத் தரும் வசதி) ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அதை வயர் இணைப்பு மாதிரி எடுத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் டேட்டாவும் போகாது. அப்புறம் விண்டோஸ் அப்டேட்டில் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பாருங்கள். டிரைவர்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பதில் 2:
‘ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்’ வகையறா மென்பொருள்களைத் தொடாதீர்கள். நான் போட்டு, பிரவுசரின் முகப்பே மாறிப்போனது. பெயர் தெரியாத சாதனமா? ப்ராப்பர்ட்டீஸில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். ‘வென்’ (VEN) எழுத்துகளுக்குப் பின் 8086 என்றிருந்தால் தயாரிப்பாளர் இன்டெல்.

கேட்டவர்:
முதல் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகம், அரை மணி நேரம் வீண். கேபிளை மாற்றியதும் வந்துவிட்டது. மூன்று முக்கோணம் போச்சு. மிச்சம் இருப்பது விரல்ரேகை ரீடர். அதை நான் தொட்டதே இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.