பூங்காவுக்கு விட்ட இடம்: உங்க தெருவுல என்ன ஆச்சு?

தருமபுரி, பென்னாகரம் ரோட்டுக்காரர்:

வீட்டு மனை வாங்கறப்ப காட்டற வரைபடத்துல ஒரு ஓரமா பச்சை கலர் அடிச்சு ‘பூங்கா’ன்னு எழுதியிருக்கும். நாம மனை நம்பரைப் பாப்போம், ரோடு 30 அடியா 23 அடியான்னு பாப்போம். அந்தப் பச்சைக் கட்டத்தை யாரும் பாக்கறதில்லை. நானும் ஒன்பது வருஷமாப் பாக்கலை. எங்க இடத்துல என்ன நடந்துதுன்னு எழுதறேன், நீங்களும் உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.

முதல்ல விதி என்னன்னு தெரிஞ்சுக்கணும். 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா (ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்) ரோடு போக மீதி நிலத்துல 10 சதவீதத்தைப் பொது இடமா ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாகணும். 3,000-லிருந்து 10,000 சதுர மீட்டர் வரைக்கும்னா நிலத்துக்குப் பதிலா வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டலாம். அதனால உங்க வரைபடத்துல பச்சைக் கட்டம் இருந்தா, தானப் பத்திரம் பதிவாகியிருக்கான்னு பாருங்க. அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கச் சான்று போட்டாலே தெரிஞ்சிடும். எங்களுக்கு அந்த ஒரு தாள் கைக்கு வந்த பிறகுதான், அங்க கட்டட இடிபாட்டைக் கொட்டிட்டிருந்தவங்ககிட்ட தைரியமாப் பேச முடிஞ்சுது.

இடத்தைச் சுத்தம் பண்ணினோம். சீமைக் கருவேலத்தை வேரோட எடுத்தோம். தெருவுல வசூல் பண்ணி 40 கன்று வாங்கி, கயிறு பிடிச்சு வரிசையா நட்டோம். பாக்கவே அவ்வளவு அழகா இருந்துது. அடுத்த தை மாசம் எண்ணிப் பாத்தா 11 கன்றுதான் உயிரோட இருந்துது. வேம்பெல்லாம் வேர் அழுகிப் போச்சு. தண்ணி ஊத்தாம காஞ்சதுன்னா மனசு ஆறியிருக்கும். தண்ணி நின்னு செத்துப் போச்சு, அதுவும் தருமபுரியில!

மறுபடி குழி எடுத்துட்டிருந்த அன்னைக்குத்தான் அந்த அம்மாவைப் பாத்தேன். எழுபது வயசு இருக்கும். மனைப்பிரிவு வர்றதுக்கு முன்னாடியிருந்தே அந்த நிலத்துல ஆடு மேய்ச்சவங்க. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, “ஏனுங்க சாமி, தண்ணி போற தாரையிலேயே திரும்பவும் குழி எடுக்கறீங்களே?”ன்னு கேட்டாங்க. எனக்குப் புரியலை. கையில இருந்த தொரட்டிக் கோலாலேயே செம்மண்ணுல கோடு இழுத்துட்டே நடந்தாங்க. மேற்கு மூலையில ஆரம்பிச்சு, நடுவுல ஒரு வளைவு வளைஞ்சு, தென்கிழக்கு மூலையில போய் நின்னாங்க. “மேக்கால இருந்து வர்ற தண்ணி பூரா இங்கதான் வந்து குந்தும். முன்ன இங்க குட்டை இருந்துது. ஐப்பசியில வந்து பாருங்க.”

ஐப்பசி வரைக்கும் காத்திருந்தோம். நம்ம ஊருக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவத்துலயும் மழை உண்டு, புரட்டாசி ஐப்பசியிலதான் நல்லாப் பெய்யும். ஒரு ராத்திரி மழைக்கு, அவங்க கோடு போட்ட அதே வளைவுல தண்ணி ஓடி அதே மூலையில நின்னுது. மழை ஓயற நேரத்துல குடை பிடிச்சு அதைப் பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. ராமக்காள் ஏரி, இலக்கியம்பட்டி ஏரி, அன்னசாகரம் ஏரி, பிடமனேரின்னு இந்த ஊரே ஏரியும் குட்டையுமா இருந்த ஊர். மேடு எது பள்ளம் எதுன்னு வீடு கட்டின நாம மறந்துட்டோம், அந்த அம்மா மறக்கலை.

அப்புறம் வரைபடத்தையே மாத்திட்டோம். தென்கிழக்கு மூலையில இரண்டடி ஆழத்துக்குச் சரிவாப் பள்ளம் எடுத்து, கரையில வெட்டிவேர் வெச்சோம். 2003-ல வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினாங்க இல்லையா, எங்க தெருவுல பல வீட்டுல அந்தக் குழாய் சாக்கடையிலதான் முடிஞ்சுது. பக்கத்து மூணு வீட்டு மாடித் தண்ணியைப் பள்ளத்துக்குத் திருப்பினோம். ஊஞ்சலும் பெஞ்சும் மேட்டுக்குப் போச்சு. ரேஷன் கடைக்குப் போற ஜனங்க குறுக்கால நடந்து நடந்து போட்ட ஒத்தையடிப் பாதை ஒண்ணு இருந்துது. அதை அடைச்சு ஓரமா வளைச்சு விடறதாத்தான் முதல்ல பிளான். இப்ப அதே பாதைதான் எங்க நடைபாதை.

செலவுக்கு அரசோட ‘நமக்கு நாமே’ திட்டத்துல மனு கொடுத்தோம். குறைஞ்சது மூணுல ஒரு பங்கு மக்கள் போடணும். அதுக்கு வீடு வீடா ஏறி இறங்கினதைத் தனியா ஒரு நாள் எழுதறேன்.

குமாரசாமிப்பேட்டை டீச்சர்:

சார், படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு. எங்க ஏரியாவுல சின்னப் பசங்க விளையாட ஒரு இடம் தயார் பண்ணினோம். நடுவுல போர் போட்டு, செடிக்கும் அதுதான், பசங்க குடிக்கவும் அதுலயே ஒரு குழாய்னு முடிவு பண்ணியிருந்தோம். கூட்டத்துல பின்வரிசையில ஒரு அண்ணா எழுந்து, ஒண்ணுமே பேசாம உதட்டை விரல்ல தூக்கிப் பல்லைக் காட்டினார். பழுப்புப் பழுப்பாக் கோடு கோடா இருந்துது. “எனக்கு நாப்பத்தி ரெண்டு வயசு. காலையில எழுந்தா முட்டி மடக்க முடியலை. சின்ன வயசுல குடிச்சது பூரா போர் தண்ணி. பசங்களுக்கு அதைக் கொடுக்காதீங்க”ன்னார்.

கூட்டம் அப்படியே அமைதியாயிடுச்சு. நம்ம மாவட்டத்து நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு இருக்குன்னு வகுப்புல வருஷா வருஷம் சொல்லித் தர்றவ நான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனா குடிக்க ஆகாது, பல்லும் எலும்பும் கெட்டுப் போகும். காவிரித் தண்ணி கொண்டுவர்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதுக்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் வந்துது. அதெல்லாம் தெரிஞ்சும் அந்தக் குழாய்க்கு நானும் கை தூக்கியிருந்தேன். இப்பவும் நினைச்சா மனசு உறுத்துது. குடிக்கற குழாயைக் காவிரித் தண்ணி லைன்ல எடுத்தோம். போர் குழாய்க்குச் சிவப்பு பெயிண்ட் அடிச்சு, ‘செடிக்கு மட்டும்’னு பசங்களையே எழுத வெச்சோம். ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தி, படிக்கத் தெரியாத தம்பிக்குப் புரியணும்னு பக்கத்துல ஒரு செடியும் வரைஞ்சு வெச்சா.

கிருஷ்ணகிரி, பழையபேட்டை:

ஒண்ணு சொல்லணும் அண்ணா. நடைபாதைக்கு பேவர் பிளாக் போடறப்ப மரத்தடி வரைக்கும் கொண்டுபோய் ஒட்ட விடாதீங்க. எங்க தெருவுல முப்பது வருஷப் பூவரசு, அடியைச் சுத்தி சிமெண்ட் பூசினாங்க. ரெண்டே கோடைதான். சித்திரை மாசக் காத்துல வேரோட சாஞ்சுது. வேர் மண்ணைப் பிடிச்சுப் பாத்தேன், பொடிப்பொடியா உதிர்ந்துது. மழைத் தண்ணி ஒரு சொட்டு உள்ள இறங்கலை. சுத்தி நாலடியாவது மண்ணா விடுங்க.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு:

எங்க பூங்காவுல எல்லாம் இருந்துது, பொம்பளைங்கதான் வரலை. காரணம் கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எங்க எதிர் வீட்டு அக்காதான் வெளிப்படையாச் சொன்னாங்க: “ஆறடிச் சுவர் இருக்கு. உள்ள யாரு உக்காந்திருக்கான்னு ரோட்டுலருந்து தெரியலை. நான் எந்த நம்பிக்கையில என் பொண்ணை அனுப்புவேன்?”

பாதுகாப்புன்னு நினைச்சுக் கட்டின சுவர் அது. வார்டு பகுதி சபைக் கூட்டத்துல இதைப் பேசினோம். கிராமத்துல கிராம சபை மாதிரி, 2022-லிருந்து நகராட்சிகள்லயும் வார்டு மக்கள் கூடிப் பேசற இந்தக் கூட்டம் நடக்குது, உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ல போனீங்கன்னா தெரியும். தயவு செஞ்சு போங்க, பெண்கள் கட்டாயம் போங்க. ரெண்டு கூட்டம் இழுத்து மூணாவதுல ஒத்துக்கிட்டாங்க. சுவரை முட்டி உயரத்துக்கு இறக்கி மேல கம்பி வேலி போட்டோம். வாசலுக்கு நேரா ஒரு லைட், பூக்கார அம்மா உக்கார ஒரு திண்ணை. இப்ப சாயங்காலம் ஆறரைக்கு அந்தத் திண்ணையில இடம் கிடைக்கறதில்லை.

பென்னாகரம் ரோட்டுக்காரரே, ஒரு சந்தேகம். வேலி போட்டுட்டீங்களா? அந்த அம்மாவோட ஆடு என்னாச்சு?

தருமபுரி, பென்னாகரம் ரோட்டுக்காரர்:

நல்லாக் கேட்டீங்க அக்கா. எங்க சங்கத்துலயே அதுக்குப் பெரிய வாக்குவாதம் ஆச்சு. அவங்ககிட்டயே போய்க் கேட்டோம். “வெளி வரிசை பூரா புங்கன் வைங்க, ஆடு வாய் வைக்காது. உள்ள வேம்பு, நாவல், அத்தி எது வேணா வைங்க. ஆள் உயரம் வர்ற வரைக்கும் நான் ஓட்டிட்டு வர மாட்டேன்”னாங்க. சொன்ன வார்த்தை தவறலை, ரெண்டரை வருஷம் அந்தப் பக்கம் ஆடு வரலை. புங்கன் மாசியில இலை கொட்டி, பங்குனி வெயிலுக்கு முன்னாடியே புதுசாத் துளிர்த்துடுது. அதனால சித்திரையில கூட நிழல் இருக்கு.

இப்ப மாசத்துக்கு ஒரு தடவை தாழ்ந்த கிளையைக் கழிக்கறப்ப வேப்பந்தழை, அத்தித் தழை எல்லாம் அவங்களுக்குத்தான். முந்தா நாள் தழை கட்டிட்டிருந்தப்ப குட்டைக்கரையில நின்னு, “கொக்கு வந்திருக்குது, பாத்தியா கண்ணு?”ன்னாங்க. ரெண்டு கொக்கு. நான் அதுவரைக்கும் கவனிக்கலை.