அம்மாயி நோட்டீசில் என்ன எழுதுவது

குழு: மேட்டு லயத்துப் பிள்ளைகள்

ஹட்டன் மாமா: எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் கருமாதி நோட்டீஸ் இன்று பின்னேரத்துக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். நான் எழுதியிருப்பது இதுதான்: "அன்பின் உருவமாய், பாசத்தின் சிகரமாய், குலவிளக்காய் வாழ்ந்து மறைந்த எங்கள் குடும்பத் தெய்வம்." திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

நான்: கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இது எந்த வீட்டு நோட்டீசுக்கும் பொருந்தும். அம்மாயி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த மனுசி, பன்னிரண்டு வயதில் அரைப்பேருக்கு, அதாவது அரைச் சம்பளத்துக்கு மலையேறி, சேமலாப நிதிக் காசு வாங்கி ஓய்வுபெற்ற பிறகும் கைக்காசு என்கிற அன்றாடக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு வரி இல்லாமல் எப்படி?

பெரியம்மா: அவள் சொல்வது சரி தம்பி. தாய் இறந்ததும் அம்மாவைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள், கைப்பிள்ளையாக இருந்த தங்கச்சியைப் பார்க்க ஆள் இல்லை. பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளை மடுவமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு இது போகும். கூடை நிலத்தில் இடிக்கும் என்பாள் அம்மா, அவ்வளவு சின்ன உருவம்.

கொழும்பு அண்ணன்: அது 1948 அல்லது அதற்கு ஒட்டிய வருடம், இல்லையா அம்மா? 1947 தேர்தலில் தோட்டத்துச் சனம் வோட்டுப் போட்டுத் தன் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது, அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து லட்சக்கணக்கானவர்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். அம்மாயி இந்த மண்ணிலேயே பிறந்தது, இந்த மண்ணிலேயே உழைத்தது. அது வோட்டுப் போடும்போது பேரப்பிள்ளை கண்டாயிற்று. நாடில்லாதவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 1988 சட்டத்துக்குப் பிறகுதான் அதுவும்.

ஹட்டன் மாமா: அதையெல்லாம் நோட்டீசில் போட முடியுமா மருமகனே, இடம் வேண்டாமா? ஆனால் ஒன்று சொல்கிறேன். பஞ்சம் வந்த 73, 74ல் நான் மூன்றாம் வகுப்பு. கால்சட்டை வாங்க வழியில்லை. அம்மா மாவு மூட்டைத் துணியைப் பீலித் தண்ணியில் அலசிக் காயவைத்து ராத்திரி குப்பி விளக்கில் கையாலேயே தைக்கும். எத்தனை தரம் துவைத்தாலும் மூட்டையில் அச்சடித்த எழுத்து போகாது. அந்த எழுத்து உள்பக்கம் வருகிற மாதிரி துணியைத் திருப்பிப் போட்டுத் தைத்துத்தான் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பும். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

நான்: இதை நீங்கள் இதுவரை சொன்னதே இல்லையே மாமா.

அம்மா: எனக்கு அதன் தலைதான் ஞாபகம். குளிப்பாட்டும்போது பார்த்தேன், கூடைக் கயிறு அழுத்துகிற இடத்தில் உச்சியில் முடியே இல்லை, வேலையை விட்டு இத்தனை காலமாகியும் முளைக்கவில்லை. விரல் வெடிப்பில் கொழுந்துச் சாயம் இறங்கிக் கறுத்துக் கிடக்கும், அதில் மெழுகுவர்த்தியைச் சொட்டவிட்டு விடியக்காலையில் மறுபடி கிளம்பும்.

பெரியம்மா: அப்பாவுக்கு மத்தியானத்தோடு தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை முடிந்துவிடும், அம்மா நாலரை வரைக்கும் மலையில். வந்து தண்ணி, மிலாறு விறகு, அடுப்பு, எல்லாம் அதுதான். அப்படியிருந்தும் சம்பளம் ஆம்பிளையைவிடக் குறைவு. 1984ல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று வந்தது. அந்த மாதச் சம்பளத்தை அப்பாவை வாங்க விடவில்லை, தானே போய் வரிசையில் நின்று வாங்கியது. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் எண்ணியது.

கூடலூர் சித்தி: அக்கா, அண்ணே, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். உங்கள் அம்மா, அதாவது என் பெரியம்மா, மலையேறினபோது பிள்ளைக்காம்பராவில் இருந்த அந்தக் கைப்பிள்ளைதான் என் அம்மா. நாடில்லாதவர்களை இந்தியாவும் இலங்கையும் பிரித்துக்கொண்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதி வந்தது, உங்களுக்கு இலங்கை. 1974ல் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறும்போது பெரியம்மா தன் கம்பளியைக் கழற்றி என் அம்மா தோளில் போட்டதாம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, அப்புறம் இங்கே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கூடலூர் மழைக்கு அந்தக் கம்பளியைப் போட்டுக்கொண்டுதான் அம்மா கொழுந்து எடுத்தது. இன்னமும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

பெரியம்மா: கம்பளி மலையில் தொலைந்துவிட்டது என்றுதான் எங்களிடம் சொன்னது. அப்பாகூட அதற்கு ஏசினார். அந்த மழைக்காலம் முழுக்கச் சாக்கைத் தலையோடு மூடிக் கொங்காணி போட்டுக்கொண்டு போனது அம்மா. தங்கச்சி, இதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

கூடலூர் சித்தி: என் அம்மா பெரியம்மாவைத் தாய் என்றுதான் சொல்லும் அக்கா. அக்கா என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கொழும்பு அண்ணன்: மாமா, நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனது அம்மாயியின் சேமலாப நிதிக் காசில். அதை நான் எங்கேயும் சொல்லத் தயார், நோட்டீசிலும் போடுங்கள்.

நான்: இப்படிப் போடலாமா? "சிறுவயதில் தாயை இழந்து, தங்கையைத் தாயாக நின்று வளர்த்தவர். அரைப்பேரில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் இந்த மலையில் கொழுந்து எடுத்தவர். தன் உழைப்பில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் படிக்கவைத்தவர்." கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அதோடு கூடலூர்த் தங்கை குடும்பம்.

ஹட்டன் மாமா: நன்றாக இருக்கிறது மகள். அப்படியே கொடுக்கிறேன். தெய்வம் என்ற சொல்லை மட்டும் எடுக்கமாட்டேன், அது என் அம்மா. கூடையோடு இருக்கிற படம் யாரிடமாவது இருக்கிறதா?

அம்மா: எங்கே இருக்கப்போகிறது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து மலையில் நிறுத்தி எத்தனையோ தரம் எடுத்தார்கள், சிரிக்கச் சொல்லி எடுத்தார்கள். ஒரு படம்கூட நம் கைக்கு வரவில்லை.

ஹட்டன் மாமா: அப்படியென்றால் அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கச் சொல்கிறேன். 300 பிரதி போதும்தானே?

பெரியம்மா: கூடக் கொஞ்சம் அடி தம்பி. தோட்டத்து மேல் கணக்கு, பணிய கணக்கு என்கிற மேல், கீழ்ப் பிரிவு இரண்டிலும் அம்மாவோடு வேலை செய்த பெண்கள் இருக்கிறார்கள், வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். கூடலூருக்கும் அனுப்ப வேண்டும்.