ஓட்டு வீட்டு இடிபாடு: வாடகை டிப்பரில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது?

கும்பகோணம்_மனை:
பழைய நாட்டு ஓட்டு வீட்டை இடிக்கிறோம். செங்கல், சுண்ணாம்புக் காரைச் சுவர், கொஞ்சம் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்து மேல செங்கல், சுண்ணாம்பு போட்ட தளம்). கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. உள்ளே மீந்த பெயின்ட், இன்வெர்ட்டர் பேட்டரி, ஓடாத ஃப்ரிட்ஜ். இரண்டு யூனிட் டிப்பர் பேசியிருக்கிறோம். எல்லாத்தையும் கலந்தே ஏற்றலாமா?

வலங்கைமான்_மேஸ்திரி:
கலக்கவே கூடாது. செங்கல், காரை, உடைஞ்ச ஓடு, கான்கிரீட், மண் மட்டும் இருந்தா தாழ்வான மனையை மேடாக்கக் கேட்டு வாங்கிக்குவாங்க. அதுல மரத்துண்டு, கீத்து, துணி விழுந்துட்டா போச்சு. மண்ணுக்குள்ள மரம் மக்கி வெற்றிடமாகும், மேல போட்ட தரை இறங்கும். கரையானும் அங்கேருந்து புது வாசல் நிலைக்கு ஏறும்.

அதனால ஜேசிபி வர்றதுக்கு முன்னாடியே ஓட்டைக் கையால இறக்கிடுங்க. முழு ஓடு, தேக்கு உத்திரம், கதவு எல்லாத்துக்கும் விலை இருக்கு. கம்பி, குழாய், ஒயர் பழைய இரும்புக் கடைக்கு.

எடையில்தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஒரு யூனிட் 100 கன அடி. உதிரி இடிபாடு யூனிட்டுக்கு மூன்றரை, நாலு டன் வரும். ரெண்டு யூனிட்டுன்னா ஏழெட்டு டன். வண்டி ஆர்.சி.யில மொத்த எடையையும் வெறும் வண்டி எடையையும் பாருங்க, வித்தியாசம்தான் ஏத்தக்கூடிய அளவு. காரை தண்ணி குடிச்சா எடை ஏறும், ஐப்பசி மழைன்னா குவியலுக்குத் தார்ப்பாய் போடுங்க. விளிம்புக்கு மேல குவிச்சா வளைவுல ரோட்டுல கொட்டும்.

திருவாரூர்_சைட்:
மேஸ்திரி அண்ணன் சொன்னது சரி. ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் தனி விஷயம், இதுல அலட்சியம் வேண்டாம். உடைச்சா நார் தூளாகப் பறக்கும், அது நுரையீரலில் தங்கினால் பல வருஷம் கழிச்சுப் புற்றுநோய் வரலாம். ஷீட்டை நல்லா நனைச்சு, ஜே போல்ட்டை (ஷீட்டைப் பிடிச்சிருக்கிற கொக்கி போல்ட்) கழற்றி முழுசா இறக்கணும். சுத்தியல், கட்டர் கூடாது. துணி முகமூடியும் என்95-உம் போதாது, பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகைத் தூசி முகமூடி வேணும். கனமான பாலித்தீனில் ரெண்டு சுற்று சுற்றி ஒட்டி, எங்கே ஒப்படைக்கணும்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் கேளுங்க. மனை நிரப்பப் போகிற லோடில் ஒரு துண்டுகூடப் போகக்கூடாது.

பேட்டரியை நிமிர்த்தியே வச்சுப் பேட்டரிக் கடையில் கொடுங்க. 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி அதைக் குப்பையோடு போடக்கூடாது. ஃப்ரிட்ஜில் கம்ப்ரசர் குழாயை வெட்ட விடாதீங்க, சில மாடல்களில் இருக்கிற ஆர்-600ஏ என்கிற குளிரூட்டும் வாயு தீப்பிடிக்கும். தின்னர், எண்ணெய் பெயின்ட், டியூப்லைட் டிப்பரில் வேண்டாம்.

கும்பகோணம்_மனை:
நன்றி அண்ணே. டிரைவர் வாய்க்கால் கரையில் தட்டிடலாம் என்கிறார்.

வலங்கைமான்_மேஸ்திரி:
ஒத்துக்காதீங்க. கட்டடக் கழிவு விதியே வடிகாலிலும் பொது இடத்திலும் கொட்டக்கூடாதுன்னு சொல்லுது. கரையில் தட்டினது மழைக்குச் சரிஞ்சு வாய்க்காலுக்குள்ள இறங்கும். மேட்டூர்த் தண்ணி கடைமடைக்குப் போகாது, கார்த்திகை மழையில வயல் தண்ணி வடியாம நட்ட பயிர் அழுகும். இறக்குற இடத்தை நகராட்சி, மாநகராட்சியில கேட்டு முடிவு பண்ணிட்டு, அதுக்கப்புறம் வாடகை பேசுங்க.