கலைச்சொல்: பூமியின் ஓட்டுக்கும் கருவுக்கும் நடுவில் இருப்பதற்கு என்ன பெயர்?

சுங்கை சிப்புட், ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் அறிவியல் விழா. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பூமியின் உள்ளமைப்பைப் பலகையாகச் செய்கிறார்கள். அச்சுக்கடைக்காரர் புதன் மாலைக்குள் கோப்பு வேண்டும் என்கிறார். நடு அடுக்குக்கு மட்டும் பெயர் அமையவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘கவசம்’ என்கிறது. கவசம் எங்கே இருக்கும் என்று வகுப்பில் கேட்டேன். “உடம்புக்கு வெளியே, டீச்சர்” என்றார்கள். படத்தில் அது உள்ளேயல்லவா இருக்கிறது?

நேற்று ஒரு செம்பனைப் பழத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். லோரியிலிருந்து உதிர்ந்த பழம் பள்ளி வாசலிலேயே கிடக்கும். மேலே மெல்லிய தோல், அடுத்து விரலில் எண்ணெய் ஒட்டும் சதை, அப்புறம் கறுத்த ஓடு, அதற்குள் வெள்ளைப் பருப்பு. தோலைப் பூமியின் மேலோடு என்றும் சதையை நடு அடுக்கு என்றும் சொன்னேன். கடைசி வரிசைப் பையன், “அப்போ உள்ளே இருக்கிற ஓடு எது?” என்றான். அடுத்து வரும் புறக்கரு, அதாவது கருவின் வெளிப்பகுதி, திரவமாயிற்றே, கத்தி இறங்காத ஓட்டை அதற்கு எப்படி ஒப்பிடுவது? பழத்தை அத்தோடு எடுத்து வைத்துவிட்டேன்.

ஈப்போ:

டீச்சர், அங்கே இருப்பது உருகிய பாறைதானே. ‘குழம்படுக்கு’ என்று வையுங்கள், சட்டென்று புரியும். மேலோட்டுக்கும் ஒன்று சொல்கிறேன். மலாயில் ‘கெராக்’ என்பார்கள். பானை அடியில் பிடித்த சோற்றுக்கும் அதே சொல்தான். நம்மிடம் ‘பொருக்கு’ இருக்கிறது. காய்ந்த சேற்றின் மேல் வெடித்து நிற்பது பொருக்குத்தானே?

தைப்பிங், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

கவசம் வடசொல். அதற்கு நம்மிடம் ‘மெய்ம்மறை’ உண்டு. பதிற்றுப்பத்து சேரனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று போற்றுகிறது. அங்கே சான்றோர் என்றால் வீரர். நடு அடுக்குக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

கரு என்பதும் எனக்கு ஒப்பவில்லை. கரு வளர்ந்து வேறொன்றாவது. நடுவில் இறுகிக் கிடப்பதற்குத் தமிழில் ‘காழ்’ என்று பெயர். ‘புறக்கா ழனவே புல்லென மொழிப, அகக்கா ழனவே மரமென மொழிப’ என்பது தொல்காப்பிய மரபியல். டீச்சர் ஊரில் சாய்த்துப் போட்ட செம்பனையைப் பார்த்திருப்பார்கள். வெளியே வன்மை, உள்ளே மெத்தென்ற சோறு. அதனால் அது புல். பலாக்கட்டையில் வன்மை உள்ளே, அதனால் அது மரம். மலாய்க்காரர்கள் பூமியின் நடுப்பகுதியைத் ‘தெராஸ்’ என்கிறார்கள். அதுவும் மரத்தின் காழ்தான். அவர்கள் தங்கள் மரத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள், நாம் ஏன் நம் மரத்தை விட்டுவிட வேண்டும்?

பூமி, புவி இரண்டையும்கூட விடலாம். ஞாலுதல் என்றால் தொங்குதல். பற்றுக்கோடின்றி வெளியில் தொங்குவது என்று அறிந்தே ‘ஞாலம்’ என்றார்கள் என்பது என் துணிபு.

கிள்ளான்:

ஐயாவின் ‘காழ்’ நன்றாக இருக்கிறது. ஆனால் உட்கருவுக்கு மட்டும்தான் பொருந்தும். 1936ல் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் நிலநடுக்க அலைகளைப் படித்து, கருவுக்குள் இன்னொரு கரு உண்டென்று காட்டினார். ஏறக்குறைய 1,220 கிலோமீட்டர் ஆரமுள்ள அந்தக் கோளம் திடம். அதைச் சுற்றி 2,200 கிலோமீட்டருக்கு மேல் உருகிய இரும்பும் நிக்கலும். உருகியதைக் காழ் என்று எப்படிச் சொல்வது?

ஈப்போ அக்கா மன்னிக்க வேண்டும், ‘குழம்படுக்கு’ தவறு. எங்கள் வேலை கட்டடத்துக்கு மண் சோதிப்பது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் திரவத்துக்குள் செல்லா. அவை 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை செல்கின்றன, அதற்குக் கீழேதான் நிற்கின்றன. ஆக நடு அடுக்கு திடப்பாறை. அங்கங்கே சிறிது உருகியிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் நகர்கிறது. பூமியின் பருமனில் 84 விழுக்காடு அதுதான். நாம் பெயர் தேடுவது ஏறக்குறைய முழுப் பூமிக்கே.

சுங்கை சிப்புட், ஆசிரியை:

தம்பி எழுதியதைப் படித்ததும் என் அம்மா நினைவு வந்தது. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் உறைந்ததைச் சேர்த்துச் சாக்கில் கட்டிவைப்பார். சில நாள் கழித்து அவிழ்த்தால் கட்டிகள் ஒன்றோடொன்று அமுங்கி, சாக்கின் வடிவத்துக்கே வந்திருக்கும். தொட்டால் திடம். ஆனால் யாரும் பார்க்காதபோது நகர்ந்திருக்கிறது. நாளை வகுப்பில் இதைத்தான் சொல்லப்போகிறேன். குழம்பு என்ற சொல்லைப் பலகையில் போட மாட்டேன், பிள்ளை ஒருமுறை தப்பாகப் பிடித்துக்கொண்டால் மாற்றுவது பெரும்பாடு.

என் மனத்தில் இப்போது ‘போர்வை’ இருக்கிறது. ‘மேன்டில்’ என்ற ஆங்கிலச் சொல்லும் லத்தீனில் மேலங்கி என்ற பொருளில் பிறந்ததுதான். பொருநராற்றுப்படை யாழின் பத்தர்மேல், அதாவது அதன் குடத்தின்மேல், இழுத்துத் தைத்த தோலைப் ‘பொல்லம் பொத்திய பொதியுறு போர்வை’ என்கிறது. ஆகவே படுக்கைத் துணி மட்டும் போர்வை அல்ல. கருவைப் போர்த்தியிருப்பது போர்வை, அதன்மேல் ஓடு. மெய்ம்மறை அழகான சொல், ஐயா. ஆனால் பிள்ளைக்கு முதலில் அந்தச் சொல்லையே ஒரு பாடமாக நடத்த வேண்டும்.

தைப்பிங்:

போர்வை நல்ல தமிழ், அதில் குறையில்லை. என் மறுப்பு வேறு. போர்வை மெல்லியது, உதறி மடிக்கக்கூடியது. நூற்றில் 84 பங்கு போர்வையாக இருந்தால் போர்த்திக்கொள்வது யார்?

ஈப்போ:

நான் குழம்படுக்கை விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாயில் ‘மன்தல்’ என்றுதான் கேட்பார்கள். தமிழ்ப் பெயருக்குக் கீழே அதையும் தமிழ் எழுத்தில் சிறிதாகப் போடுங்கள். எனக்குப் போர்வை சம்மதம். பொருக்கைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே?

கிள்ளான்:

போர்வை. நாளை அதிகாலை வேலை, இதற்குமேல் முடியவில்லை. பொருக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, அக்கா.

சுங்கை சிப்புட், ஆசிரியை:

கோப்பு அனுப்பிவிட்டேன். மேலோடு, போர்வை, புறக்கரு, உட்காழ். கடைசிச் சொல் ஐயாவுடையது. பொருக்குக்கு இந்த முறை இடம் கிடைக்கவில்லை, அக்கா. எல்லாவற்றையும் அளவு மாறாமல் வரையச் சொன்னேன். ஒரு மீட்டர் அகல வட்டத்தில் உட்காழின் ஆரம் 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போர்வை 23 சென்டிமீட்டர். மேலோடு கண்டங்களுக்கு அடியில் 3 மில்லிமீட்டர்கூட வரவில்லை, கடலுக்கு அடியில் வெறும் பென்சில் கோடு. பெயரை வட்டத்துக்கு வெளியே எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். ஐயா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பலகையைப் பார்க்கிற பிள்ளையும் அதையே கேட்கும் என்று நினைக்கிறேன்.

தைப்பிங்:

காழ் உட்கருவுக்காவது நின்றதில் மகிழ்ச்சி, டீச்சர். போர்வைக்கு என் மறுப்பு அப்படியே இருக்கட்டும். பலகையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.