பழைய அமெரிக்க வெள்ளிக் காசு: விலையை முடிவு செய்வது எண்ணிக்கையா, தரமா?

தொல்காசு:
1799-ஆம் ஆண்டு வெள்ளி டாலருக்கும் 1794-ஆம் ஆண்டு டாலருக்கும் ஐந்தே ஆண்டு இடைவெளி இருக்க, விலையில் ஏன் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். என் விடை எளியது: எத்தனை காசு இருக்கிறதோ அதற்கேற்பத்தான் விலை. 1799-இல் நான்கு லட்சத்துக்கும் மேல் அச்சடித்தார்கள். 1794-இல் பிலடெல்பியா நாணயச்சாலை வெளியிட்டவை 1,758 மட்டுமே. அவற்றுள் எஞ்சியவை ஏறத்தாழ நூற்றைம்பதுக்குள் அடங்கும். அப்படி எஞ்சிய ஒன்று 2013 ஜனவரியில் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

உரைகல்:
தொல்காசு அவர்கள் காட்டும் சான்றே அவருக்கு எதிராக நிற்கிறது. எஞ்சிய அத்தனை 1794 டாலர்களுக்கும் எண்ணிக்கை ஒன்றுதானே? நன்கு தேய்ந்த ஒன்று அந்த ஏல விலையில் நூற்றில் ஒரு பங்கையொட்டியே விற்கிறது. ஒரே ஆண்டுக் காசுகளுக்குள் இத்தனை தூரத்தை உண்டாக்குவது காசின் நிலைதான்: தேய்மானம் எவ்வளவு, அச்சு எவ்வளவு ஆழமாக விழுந்திருக்கிறது, மேற்பரப்பு கைபடாமல் இருக்கிறதா என்பவை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் படத்தை மட்டும் பார்த்து 1799 டாலர் ஒன்றை வாங்கினேன். படத்தில் புதுக்காசு போலப் பளிச்சென்று இருந்தது. கைக்கு வந்ததும் பத்து மடங்கு லென்சில் பார்த்தால், வெற்றுப் பரப்பு முழுவதும் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடின. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கருமை ஒளிந்திருந்தது. யாரோ பாலிஷ் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். தர மதிப்பீட்டு நிறுவனம் காசின் தரத்துக்கு எழுபதுக்கு இத்தனை என்று போடும் எண்ணைத் தர மறுத்து, துடைக்கப்பட்டது என்ற குறிப்போடு திருப்பி அனுப்பியது. விற்றபோது போட்ட பணத்தில் பாதிகூடத் தேறவில்லை. கருமை ஏறிய காசைக் கண்டால் புளி போட்டுத் தேய்க்கத் துடிக்கும் கைகளைக் கட்டிப் போடுங்கள்.

தொல்காசு:
தேயாத காசுக்கு விலை கூடுவது தேயாத காசு குறைவாக இருப்பதால்தான். நீங்கள் தரம் என்று சொல்வதும் அரிதின் இன்னொரு பெயரே.

கால்டாலர்:
இருவரும் காசையே பார்க்கிறீர்கள். வாங்க நிற்பவர்களை யாரும் பார்க்கவில்லை. 1802-ஆம் ஆண்டின் அரை டைம், அதாவது ஐந்து சென்ட் வெள்ளிக் காசு, நாற்பதுக்கு மேல் இன்று இருப்பதாகத் தெரியவில்லை. 1796-ஆம் ஆண்டுக் கால் டாலரோ பல நூறு இருக்கிறது. தொல்காசு அவர்களின் கணக்குப்படி முன்னதன் விலை பத்துப் பதினைந்து மடங்காவது இருக்க வேண்டும். அந்த விகிதத்தை அது எட்டுவதே இல்லை. காரணம், சிறிய கழுகு பொறித்த கால் டாலர் 1796 என்ற ஒரே ஆண்டில்தான் வந்தது. அடுத்த கால் டாலர் 1804-இல் வேறு கழுகோடு வந்தது. வடிவத்துக்கு ஒன்று என்று சேர்ப்பவர் எவரானாலும் அந்த 1796-ஐ வாங்கியே தீர வேண்டும். 1802 அரை டைமைத் தேடுபவரோ ஆண்டுவாரியாகச் சேர்க்கும் சிலரே. வடிவம் மட்டும் போதுமென்பவருக்கு அதே வடிவில் வேறு ஆண்டுகள் கிடைக்கின்றன.

1804 என்று பொறித்த டாலரையும் எண்ணிப் பாருங்கள். அது 1804-இல் அச்சானதே இல்லை. அந்த ஆண்டு வெளியான டாலர்களில் பழைய ஆண்டே இருந்தது. முப்பது ஆண்டு கழித்து, சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசளிக்க நாணயத் தொகுப்பு வேண்டுமென்று அமெரிக்க அரசு கேட்டபோது, 1804 என்ற ஆண்டோடு புதிதாக அச்சடித்தார்கள். அந்த முதல் வகையில் எட்டுக் காசுகள் அறியப்பட்டுள்ளன. பிற்காலத்தில் நாணயச்சாலைக்குள்ளேயே சேகரிப்பவர்களுக்காகத் திருட்டுத்தனமாக அடித்த, மூன்றாம் வகை எனப்படும் காசுகள் அதைவிடவும் குறைவு. ஆயினும் பொதுவாக விலை கூடுதலாகப் போவது முதல் வகைக்கே. அவற்றுள் ஒன்று 2021-இல் 76 லட்சம் டாலரைத் தாண்டியது. எண்ணிக்கை குறைந்த வகை மலிவாகப் போவதற்குத் தொல்காசு அவர்கள் என்ன விளக்கம் வைத்திருக்கிறார்?

தொல்காசு:
முதல் வகையில் தரம் உயர்ந்த காசுகள் இருப்பது ஒரு காரணம். கதைக்கும் விலை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் கிடைத்திருந்தால் அந்தக் கதையை யார் கேட்டிருப்பார்? அது இருக்கட்டும். எனக்கு வந்திருக்கும் 1795 டாலர் ஒன்றின் முகப்பில் அரம் தேய்த்த இணைகோடுகள் உள்ளன. நடுவே வெள்ளி அடைப்பு ஒன்றின் வட்டமும் மங்கலாகத் தெரிகிறது. உரைகல் அவர்கள் இதைக் குப்பையில் போடச் சொல்வாரா?

உரைகல்:
சொல்ல மாட்டேன். அரம் தேய்த்த கோடு அச்சடிப்பதற்கு முந்தையது. எடை கூடிப்போன வெற்று வட்டை நாணயச்சாலைப் பணியாளர்களே தேய்த்துச் சட்டப்படியான 416 கிரெய்ன் (பழைய எடை அலகு) அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அது சேதமாகாது; காசில் பொறித்த பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே ஓடினால் மட்டும் விலை சற்று இறங்கும்.

கால்டாலர்:
அடைப்பைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். எடை குறைந்த வட்டின் நடுவில் துளையிட்டு வெள்ளியைச் செருகி, அதன்மேல் அச்சடித்தார்கள். ஒரு கோடியைத் தாண்டிய அந்த 1794 டாலரிலும் இப்படியோர் அடைப்பு உண்டு. அது பிற்காலத்தில் யாரோ கழுத்தில் கோக்கத் துளையிட்டு மறைத்ததாக இருந்தால் விலை சரிந்துவிடும். லென்சைச் சாய்த்து வைத்து, அந்தப் பெண்ணின் கூந்தல் இழைகள் அந்த வட்டத்தின் எல்லையில் அறுபடாமல் கடந்து செல்கின்றனவா என்று இருபுறமும் பாருங்கள். கடந்து சென்றால் விற்க அவசரப்பட வேண்டாம்.