ட்ரோன் கிளம்பினதும் ஒரு பக்கமா ஓடி கவிழுது, அவசரம், உதவி பண்ணுங்க

கவின்_அம்மா | வெள்ளி, மாலை 5.50
வணக்கம். பையனுக்கு அவன் மாமா வாங்கிக் கொடுத்த சின்ன ட்ரோன். போன வாரம் வரைக்கும் நல்லாதான் பறந்துச்சு. இப்போ மேல கிளம்பினதும் ஒரு பக்கமா ஓடுது, சில தடவை அப்படியே கவிழ்ந்துடுது. சார்ஜ் ஃபுல். ஞாயித்துக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வர்றாங்க, அவங்க முன்னாடி பறக்கவிடணும்னு ஒரு வாரமா சொல்லிட்டிருக்கான். கடையில கேட்டா புதுசு வாங்கிக்கோங்கன்னு முடிச்சுட்டாங்க. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

டெக்_பாலா | 6.04
மேடம், என்ன மாடல்? எந்தப் பக்கம் ஓடுது? கிளம்பும்போதே கவிழுதா, கொஞ்ச நேரம் நின்னுட்டு கவிழுதா? எங்கேயாவது மோதுச்சா? றெக்கை மாத்தினீங்களா?

ரிச்சி_தெரு_வாசி | 6.11
பேட்டரி மேடம், வேற எதுவும் இல்ல. இந்த மாதிரி ட்ரோன்ல இருக்கறது ஒத்தை செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), 3.7 வோல்ட். ஃபுல் சார்ஜ்ல 4.2 காட்டும். பழசாகிட்டா நாலு மோட்டாரும் சுத்த ஆரம்பிச்சதும் வோல்டேஜ் சர்ருனு இறங்கிடும். சார்ஜர் லைட்டை நம்பாதீங்க. பேட்டரி உப்பியிருக்கான்னு முதல்ல பாருங்க. உப்பியிருந்தா இனிமே சார்ஜ் போடவே கூடாது. சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி தெருவுல கிடைக்கும், பழைய பேட்டரியைக் கையோட எடுத்துட்டுப் போங்க, இல்லேன்னா கனெக்டர் பின் மாறிடும்.

நீலவானம் | 6.20
பேட்டரி இறங்கினா நாலு மூலையும் சேர்ந்துதானே சோர்ந்து போகும்? ஒரு பக்கமா ஏன் ஓடணும்? எனக்கு றெக்கை மேலதான் சந்தேகம். அதுல A, B-ன்னு ரெண்டு வகை உண்டு, அடியில பொடி எழுத்துல போட்டிருக்கும். எதிரெதிர் மூலையில ஒரே வகை, பக்கத்து மூலையில மத்த வகை. ஒண்ணு மாறினாலும் அந்த மூலை தூக்காது, காத்தை மேல தள்ளிக் கீழ அழுத்தும்.

ரோட்டர்மாஸ்டர் | 6.48
மாடல் பெயர் இல்லை, மோட்டார் விவரம் இல்லை, படம் இல்லை. இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது என்று பல முறை எழுதியாகிவிட்டது. கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது, அம்மா. இந்த வகை பொம்மைகளில் இருப்பது பிரஷ் மோட்டார், அதாவது உள்ளே உரசியபடி மின்சாரம் கடத்தும் துண்டுகள் (பிரஷ்) கொண்டது. பிரஷ் சில மணி நேரப் பறத்தலிலேயே தேய்ந்துவிடும். அதைப் பழுது பார்ப்பதில் அர்த்தமில்லை. பையனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் வாங்கி நீங்களே ஒன்றைக் கட்டிக் கொடுங்கள்.

டெக்_பாலா | 6.55
சார், ஞாயித்துக்கிழமை பிறந்தநாள். அதுக்குள்ள அவங்க எங்க கட்டுவாங்க? முதல்ல அவங்க பதில் போடட்டும்.

கவின்_அம்மா | இரவு 9.15
சாரி, சமையல் முடிச்சுட்டு இப்பதான் பார்க்கறேன். மாடல் பேரு டப்பாவுல இருந்துச்சு, டப்பாவைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டாச்சு. பேட்டரி உப்பலை. றெக்கை மாத்தலை. கிளம்பி ரெண்டு மூணு செகண்ட் நல்லா நிக்குது, அப்புறம்தான் ஓடுது. கேலிப்ரேஷன் (எது மட்டம்னு ட்ரோனுக்குக் காட்டறது) தினமும் பண்றோம், ரெண்டு ஸ்டிக்கையும் கீழ் மூலைக்கு இழுத்துப் பிடிச்சா லைட் வேகமா மின்னும், அது சரியா வருது. நாங்க சென்னை நங்கநல்லூர், மொட்டை மாடியிலதான் விடுவான்.

டெக்_பாலா | 9.22
ரெண்டு மூணு செகண்ட் நிக்குதுன்னா றெக்கை மாறலை, மாறியிருந்தா தரையிலேயே புரண்டிருக்கும். இப்போ ஒண்ணு செய்யுங்க. ட்ரோனைத் திருப்பி வச்சு கிளப்புங்க. மாடியோட அதே மூலைக்குப் போகுதா, இல்ல ட்ரோனோட அதே பக்கத்துக்குப் போகுதா? மாடியோட மூலைன்னா காத்து. ட்ரோனோட பக்கம்னா அதுக்குள்ள ஏதோ கோளாறு.

கவின்_அம்மா | 9.30
அது தெரியும், ஓடறது எப்பவும் மாடியில அதே மூலைதான், மழைத்தண்ணி குழாய் இருக்கற பக்கம். ஆனா கவிழறப்போ ட்ரோனோட பின்பக்க இடது மூலைதான் கீழ போகுது.

நீலவானம் | 9.34
அப்போ காத்துதான். சாயங்காலம் கடல்காத்து தூக்கும்.

சிவில்_செல்வா | 9.51
நான் கட்டடம் கட்டறவன், ட்ரோன் பத்தி அவ்வளவா தெரியாது. ஆனா மழைத்தண்ணி குழாய்னு படிச்சதும் ஒண்ணு தோணுச்சு. அந்தக் குழாய் எந்தத் திசையில இருக்கு மேடம்? கேலிப்ரேஷன் எங்க வச்சுப் பண்றீங்க?

கவின்_அம்மா | 9.55
கிழக்கு. மாடித் தரையிலதான் வச்சுப் பண்றோம். இப்போதான், ஒரு வாரமா. முன்னாடி ஹால்ல பண்ணிட்டு மேல எடுத்துட்டுப் போவான்.

சிவில்_செல்வா | 10.08
அப்போ ஓடறதுக்குக் காரணம் அதுதான் மேடம். மொட்டை மாடித் தரை மட்டமா இருக்காது. தண்ணி தேங்கக் கூடாதுன்னு குழாய் பக்கம் வாட்டம் கொடுத்துதான் தட்டு ஓடு பதிப்போம், நூறு அடிக்கு ஒரு அடி அளவுல இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாருங்க, எல்லாம் அங்கதான் ஓடும். அந்தச் சாய்வுல வச்சு "இதுதான் மட்டம்"னு நீங்க ட்ரோனுக்குச் சொல்லிக் கொடுக்கறீங்க. அது மேல போனப்புறமும் அதே சாய்வுல நிக்கும், தாழ்ந்த பக்கமா நகர்ந்துட்டே இருக்கும். கடல்காத்தா இருந்தா கிழக்கேருந்து அடிச்சு மேற்கே தள்ளணும். உங்களுது காத்துக்கு எதிர்த்தாப்ல போகுது பாருங்க.

டெக்_பாலா | 10.15
செல்வா அண்ணா, அருமை. இது எனக்குத் தோணவே இல்ல.
மேடம், ஓடறதுக்கு விடை கிடைச்சாச்சு. கவிழறது வேற கோளாறு. பின்பக்க இடது மோட்டாரைப் பாருங்க. பேட்டரியைக் கழட்டிட்டு, நாலு றெக்கையையும் ஒவ்வொண்ணா வாயால ஊதிச் சுத்தவிடுங்க. மூணு லேசா ஓடி நிக்கும், ஒண்ணு மட்டும் டக்குனு நின்னா அதுதான். றெக்கையைக் கழட்டி ஷாஃப்ட்ல (றெக்கை மாட்டற மோட்டார் கம்பி) முடியோ நூலோ சுத்தியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. திரும்ப மாட்டும்போது றெக்கைக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒரு பேப்பர் நுழையற இடைவெளி விடணும், இல்லேன்னா உரசும். ஷாஃப்ட் சுத்தமா இருந்தும் கவிழ்ந்தா எதிர் மூலை றெக்கையோட மாத்திப் போடுங்க. கோளாறு கூடவே மாறினா றெக்கை, அங்கேயே நின்னா மோட்டார்.

ரோட்டர்மாஸ்டர் | 10.31
இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றை யாரும் கேட்கவில்லை. நங்கநல்லூர் விமான நிலையத்தை ஒட்டிய பகுதி. அங்கே மாடியில் ட்ரோன் விடலாமா?

நீலவானம் | 10.36
250 கிராமுக்குள்ள இருந்தா நானோ வகை சார். 2021 ட்ரோன் விதிப்படி ஓட்டறதுக்கு லைசென்ஸ் தேவையில்ல.

ரோட்டர்மாஸ்டர் | 10.44
லைசென்ஸ் விலக்கு வேறு, வான்பரப்பு வேறு. 2021-ல் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டுப் பகுதியான மஞ்சள் மண்டலத்தை 45 கி.மீ.யிலிருந்து 12 கி.மீ.யாகக் குறைத்தார்கள், எடுத்துவிடவில்லை. தடை செய்யப்பட்ட சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். எடை குறைவு என்பதால் அந்தக் கட்டுப்பாடு போய்விடாது. இந்த மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

நீலவானம் | 10.52
பத்தடி உயரத்துல பறக்கற பொம்மைக்கு இவ்வளவா? அதைவிட உயரமா காத்தாடி விடறாங்க. மாஞ்சா தடைன்னு சொல்லியும் எங்க தெருவுல தினமும் நூல் தொங்குது.

ரோட்டர்மாஸ்டர் | 10.58
மற்றவர் செய்யும் தவறு நமக்கு அனுமதி ஆகாது. இறங்கும் விமானம் எவ்வளவு தாழப் போகிறது என்று அந்தப் பகுதியில் நின்று பார்த்தவன் நான்.

ரிச்சி_தெரு_வாசி | 11.10
இந்த ஒரு விஷயத்துல ரோட்டர்மாஸ்டர் சார் சொல்றது சரி. வீட்டுக்குள்ள விடுங்க மேடம், ஃபேனை நிறுத்திட்டு. ஆனா பேட்டரியையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

கவின்_அம்மா | சனி, காலை 11.20
நூல்தான். ஊதினப்போ மூணு சுத்துச்சு, பின்னாடி இடது பக்கம் மட்டும் அசையவே இல்ல. றெக்கையைக் கழட்டினா அடியில காத்தாடி நூல், இளஞ்சிவப்புக் கலர், ஷாஃப்ட்டோட ஒட்டி வளையம் மாதிரி இறுகிப்போயிருக்கு. கையால இழுத்தா வரலை. எடுக்கலாமா?

டெக்_பாலா | 11.24
கையால இழுக்காதீங்க! மாஞ்சாவா இருந்தா கண்ணாடித்தூள் இருக்கும், விரலை அறுத்துடும். ஊசி முனையால ஒரு சுத்தைத் தூக்கி, நெயில் கட்டரால வெட்டுங்க. மிச்சம் தானா பிரிஞ்சு வரும். பையனைத் தொடவிடாதீங்க. அப்புறம் அந்தத் தூள் மோட்டாருக்குள்ள போகாம தலைகீழாப் பிடிச்சு ஊதுங்க.

கவின்_அம்மா | மாலை 4.40
வந்துடுச்சு, நாலு துண்டா. டைனிங் டேபிள் மேல ஒரு தட்டுல தண்ணி வச்சு மட்டம் பார்த்துட்டு கேலிப்ரேட் பண்ணோம். ஹால்லயே விட்டான், சோபாவுக்கு மேல அசையாம நின்னுச்சு. ஆறு நிமிஷம். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, செல்வா சாருக்கும் பாலா தம்பிக்கும் ஸ்பெஷலா. மாடியில இனிமே விடலை.

டெக்_பாலா | 4.46
சூப்பர் அக்கா! பறந்து முடிச்சதும் பேட்டரி சூடா இருக்கும், ஆறினப்புறம் சார்ஜ் போடுங்க. அந்த மோட்டார் நூலோட முக்கி முக்கி ஓடியிருக்கு. இன்னொரு தடவை பறந்ததும் நாலையும் தொட்டுப் பாருங்க, அது மட்டும் ரொம்பச் சுட்டா மாத்தணும். மோட்டார்ல ஒயர் என்ன கலர்? சிவப்பு-நீலம், கருப்பு-வெள்ளை ரெண்டும் எதிரெதிரா சுத்தற மோட்டார், மாத்தி வாங்கிடாதீங்க.

ரிச்சி_தெரு_வாசி | ஞாயிறு, காலை 9.05
கவினுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள். ஒயர் கலர் சொன்னீங்கன்னா கடையில விசாரிச்சுச் சொல்றேன்.