புதுப்பிப்பு: ஒரே பெட்டியில் வாத்துக்குஞ்சும் கோழிக்குஞ்சும்

ஒரு வாத்துக்குஞ்சையும் ஒரு கோழிக்குஞ்சையும் சேர்த்து வளர்க்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வளர்க்கலாம்தான், பாடு தண்ணீரால்தான். வாத்துக்கு மூக்குத் துளை முங்க அலகை அலசியாக வேண்டும். இரண்டே நாளில் உமியெல்லாம் சேறு. ஒரு காலையில் கோழிக்குஞ்சு நனைந்த பஞ்சாட்டம் பல்புக்கடியில் நடுங்கிக்கொண்டு நின்றது. இப்போது தட்டின்மேல் கம்பிவலை, அதன்மேல் கிண்ணம். சிந்துவது கீழே வடிந்துவிடுகிறது.

அப்புறம் வாத்து நொண்டியது. கோழிக்குஞ்சுத் தீவனத்தில் உள்ள நியாசின் (வைட்டமின் பி3) சத்து வாத்துக்குப் போதாது. அந்தச் சத்து நிறைந்த புரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் வடிக்கும் ஈஸ்ட்) தூள் கலந்தேன். ஒரு வாரத்தில் நடை நேரானது. கோழியும் அதையேதான் தின்கிறது, கெடுதல் இல்லை.

வாத்து ஆணென்றால் பெரிதானதும் இணைசேரக் கோழியை மிதித்துக் காயப்படுத்திவிடும், பிரிக்கத்தான் வேண்டும். ஆணுக்குக் குரல் கரகரக்கும். இதுவரை கீச்சுக்குரல்தான்.